கங்கைக் கரையிலிருந்து தரங்கம்பாடிக்கு

ஆண்டுக்கு ஒரு முறையோ இரண்டாண்டுக்கு ஒரு முறையோ கொல்கத்தாவிலிருந்து தமிழ்நாட்டுக்குச் சென்று திரும்பும் நம் குடும்பங்களின் பயணத்திட்டம் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்ததாக இருக்கும். குலதெய்வக் கோயில், ஒரு திருமணம் அல்லது காதுகுத்து, தாத்தா பாட்டி இருக்கும் வீடு, ஜவுளிக் கடை, பிறகு மீண்டும் சென்னை சென்ட்ரல். பெரியவர்களுக்கு இது நிறைவு தருகிறது; தந்தே ஆகவேண்டும். ஆனால், ராஷ் பிஹாரி அவென்யூவை ஒட்டிய தெருக்களில் வளர்ந்து, பள்ளியில் வங்காளமும் ஆங்கிலமும் இந்தியும் பயின்று, வீட்டில் மட்டும் தமிழைக் காதால் கேட்கும் பிள்ளைகளுக்கு? அவர்களுக்குச் சொந்த ஊர் என்பது வெயிலும், கொசுவும், "தமிழ் எழுதப் படிக்கத் தெரியுமா?" என்று ஒவ்வொரு திண்ணையிலும் எழும் விசாரணையுமாகவே மனத்தில் பதிகிறது. சில ஆண்டுகள் சென்றபின் அவர்கள் வரமாட்டோம் என்கிறார்கள். அதற்காக அவர்களை நொந்து பயனில்லை. தமக்குத் தெரிந்த எதனோடும் ஒட்டாத ஓர் ஊரை விரும்பும்படி குழந்தையிடம் கட்டளையிட முடியாது.

இத்தகைய பிள்ளைகளை அடுத்த பயணத்தில் ஒரு நாள் தரங்கம்பாடிக்கு அழைத்துச் செல்லலாம் என்பது நமது யோசனை. அங்கே கடற்கரை அழகாக இருக்கிறது என்பதற்காக அன்று. அழகிய கடற்கரைக்குப் புரியும் திகாவும் போதும். தமிழ்நாட்டுக் கடற்கரை ஊர்களுள் கொல்கத்தாப் பிள்ளைக்கு முன்னதாகவே பாதி தெரிந்த ஊர் ஒன்று உண்டென்றால் அது தரங்கம்பாடி. ஆகவே அந்தப் பயணத்தை ஹவுரா நிலையத்தில் தொலைதூர ரயில் ஏறுவதற்குப் பல நாட்கள் முன்பே, ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில், உள்ளூர் ரயில் ஏறித் தொடங்கவேண்டும்.

ஹவுராவிலிருந்து பண்டேல் செல்லும் மார்க்கத்தில் அரை மணிக்குச் சற்று அதிகமாகப் பயணம் செய்தால் ஸ்ரீராம்பூர் வருகிறது. செராம்பூர் என்று நம் புத்தகங்கள் எழுதுவது இந்த ஊரைத்தான். பாரக்பூர்ப் பக்கம் வசிப்பவர்கள் படகிலேயே கங்கையைக் கடந்து வந்துவிடலாம். 1755 ஆம் ஆண்டில் வங்காள நவாப் அலிவர்திகானின் அனுமதி பெற்று டென்மார்க் நாட்டு வணிகர்கள் இங்கே ஒரு குடியிருப்பை அமைத்தனர். தம் மன்னர் ஐந்தாம் பிரெடெரிக்கின் பெயரால் அதற்குப் பிரெடெரிக்ஸ்நகர் என்று பெயரிட்டனர். தொடக்கத்தில் அந்த ஊரின் ஆட்சிக்கு மேலிடமாக இருந்தது எது தெரியுமா? காவிரிக் கழிமுகத்துக்கு அருகில், தஞ்சைச் சீமையின் கடலோரத்தில், ஏற்கெனவே நூற்று முப்பத்தைந்து ஆண்டுகளாக டேனியர் கையில் இருந்த தரங்கம்பாடி. வங்கத்துக்குத் தமிழ்க் கரையிலிருந்து கட்டளை வந்த காலம் ஒன்று இருந்தது என்று சொன்னால் எந்தப் பிள்ளையும் நிமிர்ந்து கேட்கும்.

ஸ்ரீராம்பூரில் 1806 ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட புனித ஓலாவ் தேவாலயத்தின் முகப்பில் டேனிய மன்னர் ஏழாம் கிறிஸ்டியனின் முடியெழுத்து இன்றும் இருக்கிறது. பாழடையும் நிலையில் இருந்த அக்கட்டடம் செப்பனிடப்பட்டு 2016 ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருது பெற்றது. 1786 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட பழைய டேனிய விடுதி ஆற்றங்கரையில் புதுப்பிக்கப்பட்டு 2018 இல் மீண்டும் திறக்கப்பட்டது. இவற்றைக் காட்டிவிட்டு, அந்த முடியெழுத்தைக் குழந்தை ஒரு தாளில் வரைந்துகொள்ளும்படி சொல்லலாம். அதன் உறவுகளைத் தெற்கே தேடவேண்டும் என்பது போதுமான புதிர்.

பயணத்தின் இரண்டாம் புதிர் ஊர்ப்பெயரில் இருக்கிறது. 'தரங்கம்' என்றால் என்ன என்று தமிழ்நாட்டுப் பள்ளிச் சிறுவனைக் கேட்டால் அவன் அகராதி தேடக்கூடும். கொல்கத்தாப் பிள்ளை உடனே சொல்லிவிடும். வங்காளத்தில் 'தொரங்கோ' என்றால் அலை. வடமொழியிலிருந்து இரு மொழிக்கும் வந்த சொல். 'அலைகள் பாடும் ஊர்' என்று அழகாகப் பொருள் சொல்லி வழிகாட்டிகள் மகிழ்வார்கள். கேட்க இனிமையாக இருந்தாலும், 'பாடி' என்பது இங்கே பாட்டைக் குறிப்பதாக நமக்குத் தோன்றவில்லை. ஆயர்பாடி, வாணியம்பாடி என்பவற்றில் உள்ள, குடியிருப்பு என்னும் பொருள் தரும் பாடிதான் இது. பாண்டியன் மாறவர்மன் குலசேகரன் காலத்தில், 1306 ஆம் ஆண்டளவில், எழுப்பப்பட்ட மாசிலாமணிநாதர் கோயில் கல்வெட்டு இவ்வூரைச் சடங்கன்பாடியான குலசேகரன்பட்டினம் என்று அழைக்கிறது. டேனியர் நாவில் அது திராங்கேபார் ஆயிற்று.

டேனியர் முதலில் இங்கே வருவதாகப் புறப்படவில்லை. 1618 ஆம் ஆண்டில் ஓவே யெத்தே என்னும் இளம் கடற்படைத் தலைவனின் கீழ்ப் புறப்பட்ட கப்பல்கள் இலங்கையை நோக்கி வந்தன. கண்டி அரசனோடு உடன்பாடு கைகூடவில்லை. முன்னதாக வந்திருந்த இன்னொரு கப்பலைக் காரைக்காலுக்கு அருகே போர்ச்சுகீசியர் அழித்துவிட, அதிலிருந்து தப்பிய ரோலாந்து கிராப்பே முதலியோர் தஞ்சை நாயக்கரின் அரசவையை அடைந்தனர். அதன் பயனாக 1620 நவம்பரில் இரகுநாத நாயக்கர் தரங்கம்பாடியில் கோட்டை கட்டிக்கொள்ள இசைந்தார். டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்டியனுக்கு நாயக்கர் பொன்னேட்டில் எழுதியனுப்பிய தமிழ் மடல் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. கையெழுத்து மட்டும் தெலுங்கு. தெலுங்கு பேசிய மன்னர், தமிழ் நாட்டிலிருந்து, தமிழில், டேனிய அரசனுக்கு எழுதினார். பிறந்த மொழி ஒன்று, வாழும் நாட்டின் மொழி ஒன்று என்னும் நிலை நமக்கு மட்டும் நேர்ந்ததன்று.

இனி மதிலுக்கு வருவோம். இந்த மதிற்கதையில் வங்காளத்துக்கும் ஒரு பங்கு உண்டு. அதைச் சொல்லும்போது நம் பிள்ளைகள் வங்காளத்தின் பக்கம் நின்று வழக்காடினால் வியப்பில்லை. 1643 க்குப் பின் ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் டென்மார்க்கிலிருந்து ஒரு கப்பல்கூடத் தரங்கம்பாடிக்கு வரவில்லை. தாய்நாட்டில் போர், கம்பெனியோ முறிந்துவிட்டது. கோட்டையில் எஞ்சியவர் ஒரு கைப்பிடிப் பேர். அவர்களுக்குத் தலைவனாக நின்ற எஸ்கில் கோங்ஸ்பாக்கே என்பவன் உயர்குடியில் பிறந்தவன் அல்லன். அவனும் அவன் கூட்டத்தாரும் கடலில் செல்லும் வங்காளக் கப்பல்களைப் பிடித்துக் கொள்ளையிட்டுப் பிழைத்தனர். முறையான போர் என்று அவர்கள் பெயர் சூட்டினர். கப்பலை இழந்தவர்கள் அதற்கு வேறு பெயர் வைத்திருப்பார்கள். தஞ்சைப் படையின் முற்றுகைக்கு அஞ்சி ஊரைச் சுற்றி அரணும் கொத்தளங்களும் எழுந்தது அந்தக் காலத்தில்தான். 1669 இல் 'ஃபேரோ' என்னும் கப்பல் வந்து சேர்ந்தபோது கொடி இன்னும் பறந்துகொண்டிருந்தது.

அந்த மதில் இன்று முழுவதாக இல்லை. இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் படத்தில் கண்ட கோட்டைச் சுவரைத் தேடிப் பிள்ளைகள் ஏமாறுவார்கள். நிலப்பக்கத்து அரண் பெரும்பாலும் மறைந்தது. கடற்பக்கத்தில் துண்டுகள் எஞ்சியுள்ளன. ஆனால் வாயில் நிற்கிறது. 1792 ஆம் ஆண்டில் ஆளுநர் பீட்டர் அங்கரின் காலத்தில் பழைய வாயில் இருந்த இடத்தில் எழுப்பப்பட்டது இப்போதைய வாயில். வெண்சாந்து பூசிய அந்த வளைவின் நெற்றியில் டேனிய அரச முத்திரை இருக்கிறது. ஸ்ரீராம்பூரில் தாளில் வரைந்து கொண்டுவந்ததை இங்கே எடுத்து ஒப்பிடலாம். மதில் போனபின்னும் வாயில் வழியாகவே ஊருக்குள் போகிறோம் என்பதை எண்ணினால் விசித்திரந்தான்.

வாயிலைக் கடந்ததும் நேராகக் கடலை நோக்கி ஓடும் வீதி அரசன் பெயர் கொண்டது. அரசியின் பெயரிலும் ஒரு வீதி உண்டு. பொற்கொல்லர் வீதியும் உண்டு. கடல் வரை பத்து நிமிட நடைதான். இந்த வீதியில் வாகனத்தில் செல்வது வீண். 1701 ஆம் ஆண்டின் சீயோன் தேவாலயம், 1718 ஆம் ஆண்டின் புதிய எருசலேம் தேவாலயம், 1784 ஆம் ஆண்டின் ஆளுநர் மாளிகை, தூண் வைத்த திண்ணையோடு நிற்கும் வணிகர் வீடுகள் ஆகியவை நின்று நின்று பார்க்கவேண்டியவை. ஸ்ரீராம்பூரின் பழைய கட்டடங்களுக்கும் இவற்றுக்கும் உள்ள முகச்சாயலைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். நாம் முந்திக்கொண்டு சொல்லவேண்டியதில்லை.

வீதியின் முடிவில் திடல். திடலுக்கு அப்பால் டான்ஸ்போர்க் கோட்டை. கோட்டைக்கு அப்பால் கடல். கோட்டையின் கீழ்த்தளத்தில் வளைகூரை அறைகள் சரக்கறையாகவும், வெடிமருந்து வைக்குமிடமாகவும், சிறையாகவும் பயன்பட்டன. மேல்தளத்தில் ஆளுநரும், வணிக அதிகாரிகளும், மதகுருவும் வசித்தனர். மிளகு தேடி வந்தவர்கள் நாளடைவில் தமிழ்நாட்டு நெசவாளரின் துணியில் பெரும்பொருள் கண்டனர். 17 ஆம் நூற்றாண்டில் மனிதர்களையும் இங்கிருந்து அடிமைகளாகக் கப்பலேற்றினர். கோட்டையின் மஞ்சள் நிறச் சுவர்களையும் கடற்காற்றையும் வருணிக்கும் பலர் இதைச் சொல்வதில்லை. விவரம் அறிந்த வயதுப் பிள்ளைகளிடம் நாம் சொல்லியே ஆகவேண்டும்; பஞ்ச காலத்தில் விற்கப்பட்டவர்கள் நம் மூதாதையரின் அண்டை வீட்டாராக இருந்திருக்கக்கூடும். கோட்டைக்குள் மாநிலத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் உள்ளது. வார விடுமுறை வெள்ளிக்கிழமை என்பதால் நாளை விசாரித்துக்கொண்டு செல்வது நல்லது.

இந்தப் பயணத்தின் உயிர்நிலை என்று நாம் கருதுவது கோட்டையை அன்று. 1706 ஜூலை 9 ஆம் நாள் பர்த்தலோமேயு சீகன்பால்கு, ஹைன்ரிச் புளூட்சோ என்னும் இரண்டு ஜெர்மானிய இளைஞர்கள் டேனிய மன்னரால் அனுப்பப்பட்டு இங்கே கரையிறங்கினர். அவர்களுக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. சீகன்பால்கு உள்ளூர்த் திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரை நாடி, சிறு பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுதி அகரம் முதல் கற்றார். மிகச் சில ஆண்டுகளில் ஓலைச்சுவடிகளைத் திரட்டிப் பட்டியல் எழுதும் அளவுக்குத் தேர்ந்தார். டேனிய ஆளுநருக்கே அவர்மீது வெறுப்பு உண்டாகி, நான்கு மாதம் சிறையிலும் இருந்தார். சமயம் பரப்ப வந்தவர் என்பதால் அவரைப் பற்றி மாறுபட்ட கருத்துகள் நம்மிடையே இருக்கலாம். ஆனால் இருபதுக்கு மேல் வயதான ஒருவர் நாணமின்றி மணலில் அகரம் எழுதினார் என்ற செய்தி, பத்து வயதில் "எனக்குத் தமிழ் படிக்க வராது" என்று கூசி நிற்கும் பிள்ளைக்கு எந்த அறிவுரையையும்விடப் பயன்படும். கடற்கரையில் மணல் இருக்கிறது, விரலும் இருக்கிறது.

தமிழ் அச்சு இங்குதான் பிறந்தது என்று சிலர் எழுதுவது சரியன்று. கொல்லத்தில் 1578 ஆம் ஆண்டிலேயே தமிழ் எழுத்தில் நூல் அச்சாகிவிட்டது. எனினும் நின்றுபோன அத்தொழில் மீண்டும் உயிர்பெற்று நிலைத்தது தரங்கம்பாடியில். ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் 1713 இல் வந்தன. அவை பெரிய எழுத்துகள்; காகிதமோ அரிது. எனவே உள்ளூரிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தனர். பக்கத்துப் பொறையாற்றில் காகிதம் செய்யும் ஆலையும் வைத்தனர். அந்த இடத்துக்குக் கடுதாசிப் பட்டறை என்று பெயர். 1715 இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி முடிந்தது. 1719 இல் சீகன்பால்கு மறைந்தார். தாம் எழுப்பிய புதிய எருசலேம் தேவாலயத்திலேயே அடக்கமானார்.

இப்போது மீண்டும் கங்கைக் கரையை நினைவுகூர வேண்டும். 1800 ஆம் ஆண்டு ஜனவரியில் வில்லியம் கேரி ஸ்ரீராம்பூர் வந்து சேர்ந்தார். ஆங்கிலக் கம்பெனி தன் எல்லைக்குள் சமயப் பணியாளரை விரும்பாததால், டேனியக் கொடியின் நிழலே அவருக்கும் தோழர்களுக்கும் புகலிடம் ஆயிற்று. அங்கே அமைந்த அச்சகத்தில் பஞ்சானன் கர்மகார் என்னும் வங்காளக் கைவினைஞர் எழுத்துருக்களை வெட்டினார். 1801 இல் வங்காளப் புதிய ஏற்பாடும், 1818 இல் 'சமாசார் தர்ப்பண்' என்னும் வங்காளச் செய்தித்தாளும் வெளிவந்தன. இதுவரை பள்ளிப் பாடத்தில் இருக்கிறது. பாடத்தில் இராதது ஒன்று உண்டு. அந்த அச்சகம் தமிழையும் அச்சிட்டது. 1812 மார்ச் 11 ஆம் நாள் மூண்ட பெருந்தீயில் பல மொழி எழுத்துகளோடு தமிழ் எழுத்துகளும் உருகிப்போயின. எழுத்து வார்ப்பதற்கு மூலமான எஃகு அச்சுகள் தப்பியமையால் உடனே மறுபடியும் வார்த்து, 1813 இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தனர். ஆக, இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஹூக்ளிக் கரையில் தமிழ் எழுத்து கோக்கப்பட்டிருக்கிறது. நம் வீட்டுப் பிள்ளைகள் அந்த ஆற்றங்கரையில் தமிழ் எழுதினால் அது புதுமையன்று.

இரண்டு ஊர்களும் ஒன்றாகவே விலைபோயின. 1845 பிப்ரவரியில் செய்த உடன்படிக்கையின்படி தரங்கம்பாடி, ஸ்ரீராம்பூர், பாலசோரில் இருந்த சிறு நிலம் ஆகியவற்றைச் சேர்த்துப் பன்னிரண்டரை இலட்சம் ரூபாய்க்கு ஆங்கிலக் கம்பெனி வாங்கிக்கொண்டது. அதன்பின் இரண்டின் விதியும் பிரிந்தது. ஸ்ரீராம்பூருக்கு 1854 இலேயே ரயில் வந்தது; ஆலைகள் வந்தன; ஊர் பெருத்து, பழைய கட்டடங்கள் நெரிசலில் ஒடுங்கின. தரங்கம்பாடியில் தஞ்சை மாவட்டக் கலெக்டர் சில ஆண்டுகள் இருந்தார். 1860 இல் அந்த அலுவலகம் தஞ்சாவூருக்கே போயிற்று. நாகப்பட்டினத்துக்கு இரும்புப்பாதை அமைந்ததும் வணிகம் அங்கே சென்றது. மாயவரத்திலிருந்து 1926 இல் போட்ட கிளைப்பாதையும் 1986 இல் மூடப்பட்டது. ஒன்று வளர்ச்சியால் அழிந்தது, மற்றொன்று வளராமையால் தப்பியது என்று சொல்லத் தோன்றும். ஆனால் தரங்கம்பாடிக்கு வேறொரு பகை உண்டு.

அந்தப் பகை கடல். மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதிகளைப் பல தலைமுறைகளாக அலை தின்று, கருவறையை ஒட்டிய பகுதியே எஞ்சியது. கோட்டைக்கும் கடலுக்கும் நடுவே முன்பு இருந்த நிலமும் சுருங்கிவிட்டது. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபோது கோட்டையைவிடக் கொடிய இழப்பு மீனவர் குடியிருப்புக்கு நேர்ந்தது, பலர் மாண்டனர். இன்று கரையோரமாகக் கருங்கற்கள் கொட்டி அலையைத் தடுக்கின்றனர். கோயிலின் பக்கத்தில் நின்று பார்த்தால், நாம் நிற்கும் இடத்துக்கு முன்னால் ஒரு காலத்தில் மதிலும் மண்டபமும் இருந்தன என்பதைக் குழந்தைக்கு விளக்க வேறு சொற்கள் வேண்டாம். சந்ததிக்குக் காட்டுவோம் என்று ஒத்திப்போடக்கூடிய ஊர் அன்று இது.

ஆழிப்பேரலைக்குப் பின் பொற்கொல்லர் வீதி முதலிய இடங்களில் பழைய வீடுகளைச் செப்பனிடும் பணி நடந்தது. டென்மார்க்கின் தேசிய அருங்காட்சியகம் இங்கும் ஸ்ரீராம்பூரிலும் ஆய்வும் புதுப்பித்தலும் மேற்கொண்டது. கரையில் நிற்கும்போது, இவ்விடத்துக் காற்றில் ஓசோன் மிகுதி, ஆழ்ந்து மூச்சிழுத்தால் ஆயுள் கூடும் என்று யாரேனும் சொல்லக்கூடும். கடலுக்கு மணம் தருவது ஓசோன் அன்று, கடல்வாழ் நுண்ணுயிர்களிலிருந்து எழும் கந்தகச் சேர்மங்கள். ஓசோனை மிகுதியாகச் சுவாசித்தால் நெஞ்சுக்குக் கேடு. காற்று நன்றாக இருக்கிறது என்றால் அதுவே போதுமே.

செல்லும் வழி எளிது. சென்னையிலிருந்து ரயிலில் மயிலாடுதுறை. அங்கிருந்து ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் பேருந்துப் பயணம். மயிலாடுதுறை 2020 முதல் தனி மாவட்டம். தரங்கம்பாடி அதனுள் அடங்கும். திருக்கடையூர் வடக்கே மிக அருகில் இருப்பதை மறக்கவேண்டாம். அறுபதாம் கல்யாணத்துக்கும் எண்பதாம் ஆண்டு விழாவுக்கும் கொல்கத்தாவிலிருந்து குடும்பம் குடும்பமாக அங்கே செல்கிறோம்; விழா முடிந்த மாலையே மூட்டை கட்டிவிடுகிறோம். ஒரு நாள் தங்கினால் மறுநாள் காலையில் தரங்கம்பாடி. பூஜை விடுமுறை வடகிழக்குப் பருவமழை இறங்குவதற்கு முன் வருமானால் அப்போது செல்லலாம், நவம்பர் வேண்டாம். மழை ஓய்ந்த ஜனவரி, பிப்ரவரி மாதங்களே மிக நல்லவை. மே மாத வெயிலில் திடலைக் கடப்பது முதியோருக்குக் கடினம். அலை வேகமும் கரைக் கற்களும் ஆபத்தானவை என்பதால் பிள்ளைகளைக் கடலில் குளிக்க விடலாகாது. காலை ஏழு மணிக்கு வாயிலில் தொடங்கினால், வெயில் ஏறுமுன் வீதியை நடந்து தேவாலயங்களைப் பார்த்துக்கொண்டு, கோட்டை திறக்கும் வேளையில் திடலை அடைந்துவிடலாம். கையில் ஒரு பென்சிலும், ஸ்ரீராம்பூரில் வரைந்த தாளும் இருக்கட்டும்; அதன் பின்பக்கம் வெறுமையாகத்தான் இருக்கும்.